கருங்குழிக் கோட்டையும் கர்நாடக நவாபின் இறையாண்மையும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, மதுராந்தகத்தை எட்டுவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள பேரூர் கருங்குழி. வள்ளலார் இராமலிங்க அடிகள் வாழ்ந்த, வடலூரை அடுத்த கருங்குழி வேறு, இது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கொரு கோட்டை இருந்தது. ஆங்கிலேயர் தம் ஏடுகளில் இவ்வூரைக் 'காரங்கூலி' என எழுதினர். கர்நாடகப் போர்களின் வரலாற்றைப் படிப்போர் வந்தவாசி, ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய பெயர்களுக்கிடையே இப்பெயரையும் காண்பர். கண்டு, கடந்து செல்வர். ஆயினும் சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றில் கருத்துடையோர் இவ்வூரை அவ்வாறு கடந்து செல்ல இயலாது. ஓர் அரசின் இறையாண்மை எவ்வாறு ஒப்புக்கொள்ளப்படுகிறது, எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது, எவ்வாறு பறிக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் இவ்வூரின் வரலாற்றிலும், இம்மண்ணுக்கு உரியவராயிருந்த ஆர்க்காட்டு நவாபின் வரலாற்றிலும் விடை உண்டு.

ஆர்க்காட்டு நவாபுகளின் வீழ்ச்சியை நம்மவர் பெரும்பாலும் அந்நியர் வஞ்சகத்தின் கதையாகவோ, ஆடம்பரத்தால் வந்த கடனின் கதையாகவோ சொல்லி வருகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அவ்வீழ்ச்சி உடன்படிக்கைகளின் வாயிலாக, சட்டத்தின் மொழியிலேயே நடந்தேறியது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுநிலையும் அதன் முடிவும்

1744ஆம் ஆண்டு ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் போர் தொடுத்துக்கொண்டன. அப்போது கர்நாடகத்தின் நவாபாக இருந்தவர் அன்வருத்தீன் கான். சென்னையும் புதுச்சேரியும் தம் ஆட்சி எல்லைக்குட்பட்ட வணிகத் தலங்கள். ஆகவே தம் மண்ணில் அந்நிய வணிகர் ஒருவரையொருவர் தாக்குதல் கூடாது என்பது அவர் கொண்ட நிலை. இன்றைய சட்ட மொழியில் கூறுவதாயின், நடுநிலை அரசொன்றின் எல்லைக்குள் போரிடும் தரப்பினர் சண்டையிடலாகாது என்னும் விதியையே அவர் வலியுறுத்தினார். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது நவாப் எதிர்ப்புத் தெரிவித்தார். நகரை அவரிடமே ஒப்படைப்பதாக ஆளுநர் டூப்ளே வாக்களித்தார். வாக்குக் காப்பாற்றப்படவில்லை. நவாபின் மகன் மஹ்பூஸ் கான் தலைமையில் வந்த படை, அதே ஆண்டு அக்டோபரில் அடையாற்றங்கரையில் சிறியதொரு பிரெஞ்சுப் படையிடம் தோல்வியுற்றது.

அடையாற்றுப் போரை ஐரோப்பியப் படைப்பயிற்சியின் மேன்மையைக் காட்டிய நிகழ்ச்சியாகவே பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் அதற்கு முந்தைய செய்தி ஒன்றுண்டு: மண்ணுக்குரிய அரசர் விதியை எடுத்துரைத்தார், விருந்தினராக வந்தோர் அதனை மீறினர். 1748இல் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டபோது சென்னை ஆங்கிலேயரிடம் திருப்பித் தரப்பட்டது. அதற்கு ஈடாக வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்குக் கிடைத்தது. நவாபின் எல்லைக்குட்பட்ட நகரம் நவாபைக் கேளாமலே கைமாறிற்று.

அதன்பின் நடந்தது இன்னும் விந்தையானது. 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். சந்தா சாஹிபும், அன்வருத்தீனின் மகன் முஹம்மது அலியும் நவாப் பதவிக்குப் போட்டியிட்டனர். பிரெஞ்சுக் கம்பெனி முன்னவரையும் ஆங்கிலக் கம்பெனி பின்னவரையும் ஆதரித்தன. இங்கிலாந்து மன்னருக்கும் பிரெஞ்சு மன்னருக்கும் இடையே அப்போது அமைதி நிலவிற்று. ஆகவே இரு கம்பெனிகளும் தாமே போரிடுவதாகச் சொல்லவில்லை. சட்டப்படியான நவாபுக்குத் துணைப்படை அனுப்புவதாகவே சொல்லின. நவாபின் இறையாண்மை அவர்களுக்கு ஒரு போர்வையாகப் பயன்பட்டது. போர்வை வேண்டியிருந்தவரையில் அதற்கு மதிப்பும் இருந்தது.

கருங்குழியின் சரணாகதி

1756இல் இரு நாடுகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பாதையில் அமைந்த கருங்குழிக் கோட்டை இரு தரப்பினருக்கும் இன்றியமையாததாயிற்று. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இக்கோட்டையைக் கர்னல் அயர் கூட் பீரங்கிகளால் தாக்கி, 1759 டிசம்பர் 10 அன்று கைக்கொண்டார். வந்தவாசிக் கோட்டை அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அவர் வசமாயிருந்தது. 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிப் போர் தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் விதியை முடிவு செய்தது.

கருங்குழிக் கோட்டை ஒப்படைக்கப்பட்ட நிபந்தனைகள் ஈண்டுக் கருதத்தக்கவை. கோட்டையிலிருந்த ஐரோப்பிய வீரர்கள் முரசு முழங்க, போர் மரியாதையுடன் புதுச்சேரிக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். அவர்களோடு நின்று அதே கோட்டையைக் காத்த இந்தியச் சிப்பாய்களோ ஆயுதம் களையப்பட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரே கோட்டை, ஒரே சரணாகதி. ஆயினும் போர்ச்சட்டத்தின் மரியாதை ஒரு சாராருக்கு மட்டுமே உரியதாயிற்று. தனிமனிதர்க்குக் கருங்குழியில் நேர்ந்தது, அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஓர் அரசுக்கே நேர்ந்தது.

பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் விதி

1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை போரை முடிவுக்குக் கொணர்ந்தது. கனடா முதலிய பெருநிலப்பரப்புகள் கைமாறிய அவ்வுடன்படிக்கையின் 11ஆம் விதி இந்தியாவைப் பற்றியது. 1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சுக்கு இங்கிருந்த வணிகத் தலங்களைத் திருப்பித் தருவதோடு, முஹம்மது அலியைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபாகவும், ஸலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சட்டப்படியான சுபேதாராகவும் இரு நாடுகளும் ஏற்றுக்கொள்வதாக அவ்விதி கூறிற்று.

இவ்விருவரில் எவரும் பாரிஸுக்கு அழைக்கப்படவில்லை. ஸலாபத் ஜங்கோ, உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முந்தைய ஆண்டே தம் இளவல் நிஜாம் அலியால் பதவி நீக்கப்பட்டுச் சிறையிலிருந்தார். ஐரோப்பாவின் இரு பேரரசுகள் சட்டப்படியான ஆட்சியாளர் என அறிவித்த அவர், அவ்வாண்டிலேயே சிறையில் உயிர் துறந்தார். மூன்றாவது அரசொன்றின் இசைவின்றி அதற்கு உரிமையையோ கடமையையோ ஓர் உடன்படிக்கை உண்டாக்க இயலாது என்பது, 1969ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தில் எழுத்து வடிவம் பெற்ற விதி. அவ்விதியைக் கொண்டு நோக்குவோமாயின், பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் விதி நவாபுக்கு உரிமை எதனையும் அளிக்கவில்லை. பிரான்சும் இங்கிலாந்தும் தமக்குள் செய்துகொண்ட வாக்குறுதியாகவே அது நின்றது.

எனினும் நவாப் முஹம்மது அலி வாலாஜா அதனைத் தம் பட்டயமாகவே கருதினார். அதற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுடன் அவர் நேரடியாகக் கடிதத் தொடர்பு கொண்டார். 1770இல் மன்னரின் தூதராகச் சர் ஜான் லிண்ட்சே சென்னை வந்து, கம்பெனி ஆளுநரைப் பொருட்படுத்தாது நவாபுடன் உறவாடினார். அடுத்த ஆண்டு சர் ராபர்ட் ஹார்லண்டு அப்பொறுப்பை ஏற்றார். ஓர் அரசர் மற்றோர் அரசருக்குத் தூதர் அனுப்புதல் இறையாண்மையை ஒப்புக்கொள்வதன் தலையாய அடையாளம். தம் மண்ணில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு வணிகக் கம்பெனியை அதன் மன்னரின் துணைகொண்டு அடக்கிவிடலாம் என்று நவாப் நம்பினார்.

ஜாகீர் என்னும் சொல்

அதே 1763ஆம் ஆண்டின் அக்டோபரில் நவாப் ஆங்கிலக் கம்பெனிக்குச் செங்கல்பட்டு ஜாகீரை வழங்கினார். கருங்குழியும் அதனுள் அடங்கிற்று. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அக்கொடையை உறுதிப்படுத்தினார்.

ஜாகீர் என்பது யாது? முகலாய ஆட்சிமுறையில் அது ஒரு நிலப்பகுதியின் வரி வருவாயைப் பணிக்கு ஈடாகப் பெறும் உரிமை. நிலத்தின் இறையாண்மை கொடுத்தவரிடமே நிற்கும். தொடக்க ஆண்டுகளில் நவாபே அப்பகுதியைக் கம்பெனியிடம் குத்தகைக்குப் பெற்று நிருவகித்து வந்ததிலிருந்தும் இது விளங்கும். ஆனால் 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்போடு அந்நிலை முடிவுற்றது. அப்போரில் கருங்குழிக் கோட்டை மைசூர்ப் படையிடம் வீழ்ந்து, 1781 ஜனவரியில் ஆங்கிலேயரால் மீட்கப்பட்டது. பின்னர் ஜாகீர் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாகக் கருங்குழியே அமைந்து, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1859 வரை அச்சிறப்பைப் பெற்றிருந்தது. வருவாய்க் கொடை ஆட்சி உரிமையாயிற்று. அந்த மாற்றத்தை எந்த உடன்படிக்கையும் சொல்லவில்லை.

இச்செய்தி பழங்கதையன்று. தாத்ரா, நாகர் ஹவேலி ஆகிய பகுதிகளுக்குச் செல்லும் வழி குறித்து இந்தியா மீது போர்ச்சுகல் தொடுத்த வழக்கில், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 1960 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பளித்தது. 1779ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அதன்பின் மராத்தியர் வழங்கிய கொடையும் வருவாய் உரிமையையே அளித்தன, இறையாண்மையை அளிக்கவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் பின்வந்த பிரிட்டிஷார் போர்ச்சுகலின் இறையாண்மையை நடைமுறையில் ஒப்புக்கொண்டனர் என்று காரணம் கூறி, அதனைச் செல்லுபடியாக்கியது. கொடுத்தவர் கொடுக்காத ஒன்று, இன்னொருவர் மறுக்காத காரணத்தால் உரிமையாகிவிட்டது. செங்கல்பட்டு ஜாகீருக்கும் இதுவே நேர்ந்தது.

இங்கு நவாபின் பிழையையும் மறைத்தலாகாது. கருங்குழி முதலிய ஊர்களின் மக்களைக் கேட்டு அவர் ஜாகீர் வழங்கவில்லை. கம்பெனி அலுவலர்களிடமே பெருவட்டிக்குக் கடன் வாங்கி, அக்கடனுக்கு ஊர்களின் வரியை ஈடாக வைத்தார். அக்கடன்களின் ஊழலை எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விரித்துரைத்தார். 1805இல் அமைந்த ஆணையம் நவாபின் மீது சுமத்தப்பட்ட பிற்காலக் கடன்களில் மிகப் பெரும்பகுதி ஆதாரமற்றவை எனக் கண்டது. ஆனால் அதற்குள் அரசு கைநழுவிப் போயிருந்தது.

வழக்காடிய நவாப்

கணக்குக் கேட்டுச் சலித்த நவாப், இறுதியில் இலண்டன் சான்சரி நீதிமன்றத்தில் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். தமக்கும் கம்பெனிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்குக் காட்ட உத்தரவிடுமாறு வேண்டினார். 1791இல், தன் சாசனங்கள் அளித்த ஆட்சி அதிகாரத்தைக் காட்டிக் கம்பெனி எழுப்பிய தொடக்கநிலைத் தடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நவாபின் நம்பிக்கை பொய்க்காது போலத் தோன்றிற்று.

ஆனால் 1793இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. காரணம் வியப்பூட்டுவது. நவாப் இறையாண்மையற்றவர் என்று நீதிமன்றம் கூறவில்லை; அவர் இறையாண்மையுடையவர் என்றே கூறிற்று. இது தம்முள் சுதந்திரமான இரு அரசுகளைப் போன்று நடந்துகொண்டோர் செய்த உடன்படிக்கை. அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கையை எந்த நாட்டின் உள்நாட்டு நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. கம்பெனியார் இங்கிலாந்து மன்னரின் குடிகளே என்பது இதனை மாற்றாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஒரு வணிகக் கம்பெனி கடன் கணக்கை மறைக்க வேண்டியபோது அரசாயிற்று. நவாபின் இறையாண்மை, அவருக்கு நீதிமன்றக் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாயிற்று. அரசுகளின் வழக்கை அரசுகளின் நீதிமன்றமே விசாரிக்க வேண்டுமெனில், அத்தகைய நீதிமன்றம் அன்று உலகில் எங்கும் இல்லை. 'அரசுச் செயல்' என்று சட்ட அறிஞர் வழங்கும் கோட்பாட்டின் அடிக்கற்களுள் ஒன்றாக இவ்வழக்கு இன்றளவும் நூல்களில் எடுத்துக்காட்டப்பெறுகிறது.

நவாப் வாலாஜா 1795இல் மறைந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் வீரமரணம் எய்திய பின்னர், அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, வாலாஜாவும் அவர் மகன் உம்தத்துல் உமராவும் 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு மாறாகத் திப்புவுடன் இரகசியத் தொடர்பு கொண்டனர் எனக் கம்பெனி குற்றஞ்சாட்டியது. குற்றஞ்சாட்டியவரும் சான்றை ஆய்ந்தவரும் தீர்ப்பளித்தவரும் ஒருவரே. 1801 ஜூலையில் உம்தத்துல் உமரா மரணப் படுக்கையிலிருந்தபோதே கம்பெனிப் படை அரண்மனை வாயில்களில் நின்றது. அவர் மகன் அலீ ஹுசைன் ஆட்சியைக் கையளிக்க மறுத்தார். கம்பெனி அவரை விடுத்து அஜீமுத்தவ்லாவை நவாபாக்கி, அவ்வாண்டு ஜூலை 31 அன்று உடன்படிக்கை செய்துகொண்டது. நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கு நவாபுக்கு. ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் நீக்கப்பட்டது. பின்னர் அளிக்கப்பட்ட 'ஆர்க்காட்டு இளவரசர்' என்னும் சிறப்பே எஞ்சி நிற்கிறது.

சமர்கந்தின் காஜி

இந்நிகழ்ச்சிகளை நம் மரபின் கண்கொண்டு நோக்குதல் தகும். அரசுகளுக்கிடையிலான உறவைப் பற்றிய சட்டத்தை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் 'ஸியர்' எனத் தனித் துறையாகவே வகுத்தனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது இப்னு ஹசன் ஷைபானீ (ரஹ்) ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்தார், அவர் இத்துறையில் எழுதிய நூலுக்கு இமாம் ஸரக்ஸீ விரிவுரை கண்டார். வாலாஜா நவாபின் ஆதரவில் சென்னைக்கு வந்து பாடம் நடத்திய பஹ்ருல் உலூம் அப்துல் அலீ போன்றோரின் ஹனஃபீ மரபுக்கு இந்நூல்கள் புதியன அல்ல.

ஸியரின் அடிப்படை, உடன்படிக்கை மாற்றாரோடு செய்யப்பட்டதாயினும் கட்டுப்படுத்தும் என்பது. ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை முடிவான வேளையில் விலங்குகளோடு வந்து அடைக்கலம் கேட்ட அபூஜந்தலை (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வுடன்படிக்கையைக் கருதித் திருப்பியனுப்பியதை நாம் அறிவோம். முஆவியா (ரலி) ரோமரோடு செய்த உடன்படிக்கையின் தவணை முடிவதற்குள் எல்லையை நோக்கிப் படை நகர்த்தியபோது, அம்ர் இப்னு அபஸா (ரலி) குதிரையில் விரைந்து வந்து, வாக்கைக் காக்க வேண்டும், துரோகம் கூடாது என எச்சரித்ததையும், முஆவியா படையுடன் திரும்பியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது, பலாதுரீ தம் வரலாற்று நூலில் கூறும் சமர்கந்தின் நிகழ்ச்சி. தளபதி குதைபா தம் நகருக்குள் வஞ்சகமாக நுழைந்து முஸ்லிம்களைக் குடியேற்றினார் என்று அந்நகர மக்கள், ஹிஜ்ரி 99இல் கலீஃபா பொறுப்பேற்ற உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களிடம் முறையிட்டனர். கலீஃபா இம்முறையீட்டைக் கேட்க ஒரு காஜியை நியமிக்குமாறு ஆளுநருக்கு எழுதினார். முஸ்லிம்கள் நகரை விட்டு வெளியேற வேண்டும், இரு தரப்பினரும் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று காஜி தீர்ப்பளித்தார். மீண்டும் போர் வேண்டாம் எனக் கருதிய நகர மக்கள், முஸ்லிம்கள் அங்கேயே வாழ இசைந்தனர்.

நம் வரலாற்றில் இத்தகைய தீர்ப்புகள் அரிது. வாக்குத் தவறிய முஸ்லிம் அரசர் பலர். எனினும் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்குக. வென்றவரின் நீதிமன்றத்தில் தோற்றவர் முறையிட்டது இரண்டிலும் ஒன்றே. சமர்கந்தில், இது அரசின் செயல், எனக்கு அதிகாரமில்லை என்று காஜி சொல்லவில்லை. இலண்டனில் சொல்லப்பட்டது அதுவே.

இன்றைய நீதிமன்றங்களில்

1793ஆம் ஆண்டின் தீர்ப்பு நவாபோடு மறைந்துவிடவில்லை. 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபோது கம்பெனி அவர் உடைமைகளைக் கைப்பற்றியது. அரசியார் காமாட்சி பாயி சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1859இல் பிரிவி கவுன்சில், இது அரசுச் செயல் எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவிலும், குஜராத்தின் வோரா ஃபித்தலீ வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் இதே கோட்பாட்டைப் பின்பற்றியது. சமஸ்தான மன்னர்களுடன் செய்த உடன்படிக்கைகள் குறித்த வழக்குகளை நீதிமன்றங்கள் விசாரிப்பதை அரசியலமைப்பின் 363ஆம் உறுப்பு தடுக்கிறது. உடன்படிக்கைக் கடமைகளை மதிக்க முயல வேண்டும் என்று 51ஆம் உறுப்பு சொல்வதும் அதே அரசியலமைப்பே.

1951 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் போதித்த போலந்து நாட்டு அறிஞர் அலெக்சாண்டரோவிச், ஆசிய அரசுகள் சர்வதேசச் சட்டத்திற்குப் புதிதாக வந்தவை அல்ல என்பதை நிறுவினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பியர் அவ்வரசுகளைச் சமமான தரப்பினராகவே ஏற்று உடன்படிக்கை செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞரே அவற்றை நாகரிக வட்டத்துக்கு வெளியே நிறுத்தினர் என்பது அவர் துணிபு. ஆர்க்காட்டு நவாபின் வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது. அச்சமத்துவம் பெயரளவிலேயே நின்றதையும் காட்டுகிறது.

2019 பிப்ரவரி 25 அன்று சாகோஸ் தீவுகள் குறித்து அளித்த ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தை வெளியிட்டது. 1965இல் மொரீஷியஸ் பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட குடியேற்ற நாடாக இருந்தது. ஆளும் அரசுக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே அத்தீவுகளைப் பிரிக்கச் செய்த இணக்கத்தைச் சர்வதேச உடன்படிக்கை என்று கொள்ள இயலாது. மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பம் அதில் வெளிப்படவில்லை என்றது. 2025 மே 22 அன்று அத்தீவுகளை மொரீஷியஸிடம் கையளிக்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. வாயிலில் படை நிற்க 1801இல் செய்யப்பட்ட உடன்படிக்கையை இந்த அளவுகோலால் அளந்தால் அது நிற்குமா?

அன்றைய நவாபுக்கு இல்லாத வாயில் இன்று சிறிய நாடுகளுக்கும் உண்டு. ரோஹிங்யா மக்களுக்காக 2019இல் மியான்மர் மீது காம்பியா என்னும் சிறு நாடு வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பிறப்பித்தது. பாலஸ்தீனத்தில் கட்டப்பட்ட தடுப்புச்சுவர் சட்டத்துக்கு மாறானது என்று 2004லேயே கருத்துரைத்ததும் அந்நீதிமன்றமே. அச்சுவர் இடிக்கப்படவில்லை. ஆகவே வாயில் திறந்திருப்பது ஒன்றே போதாது. ஆயினும் அது அடைபட்டிருந்த காலத்தின் இழப்பை அறிந்தோர் அதனை அற்பமெனக் கருதார்.

இறையாண்மை ஒப்புக்கொள்ளப்பட்டதா என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. உடன்படிக்கையின் பொருளை இறுதியாகச் சொல்பவர் யார் என்பதே முதன்மையான வினா. எழுதியவரே பொருள் சொல்பவராகவும் இருப்பின், எத்துணைச் சிறந்த உடன்படிக்கையும் வலியவரின் விருப்பமாகவே முடியும். நவாப் வாலாஜா தூதரையும் பட்டயத்தையும் பெற்றார், நடுவரைப் பெறவில்லை. கருங்குழிக் கோட்டையின் ஆயுதமிழந்த சிப்பாய்களும் அவ்வாறே, தமக்காகப் பேசுவார் எவருமின்றி வாயிலைக் கடந்து சென்றனர்.